சட்டையில் ஒட்டிய வெளிச்சம்

ஒளிர்பொருள் ஆய்வு நிறுவனத்துக்கு இருபத்தைந்து வயது முடிந்தபோது, அது இன்னும் எதையும் ஒளிரச் செய்யவில்லை என்பதை யாரோ கவனித்துவிட்டார்கள். யாரென்று தெரிந்திருந்தால் அவரை வேறு பிரிவுக்கு மாற்றிச் சிக்கலைத் தீர்த்திருக்கலாம். தெரியாமல் போனதால் வெள்ளிவிழா எடுப்பது என்று முடிவாயிற்று.

விழா மேடைக்குப் பின்னால் பன்னிரண்டடி நீளத்தில் ஒரு பலகை. அதில் நிறுவனத்தின் பெயரை நிறுவனமே கண்டுபிடித்த பொருளால் எழுத வேண்டும். அரங்கின் விளக்குகளை அணைத்து புற ஊதாக்கதிர் விளக்கைப் போட்டால் பெயர் தகதகவென்று எரிய வேண்டும். இதுதான் இயக்குநரின் கனவு.

எழுதுவதற்கு ஒரு போர்டு பெயின்டரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேல் வைக்காமலே நேர்க்கோடு போடுவார் என்பதால் அவருக்கு அடிஸ்கேல் என்று பெயர். கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், லாரியின் பின்பக்கம் என்று முப்பது வருஷம் எழுதிப் பழகிய கை. அவர் பெயரைச் சிபாரிசு செய்தது அவருடைய அக்கா மகள். அவள் அந்த நிறுவனத்தில் ஐந்தாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. 'நிறுவனமே கண்டுபிடித்த பொருள்' என்று சொன்னேனே, அதைத் தன்னந்தனியாக உட்கார்ந்து செய்தவளும் அவள்தான்.

முதல் நாள் வாசலிலேயே அடிஸ்கேலை நிறுத்தினார்கள். உள்ளே கொண்டுபோகும் கருவிகளுக்கு ஒரு படிவம். 'தூரிகை' என்பதற்கு எதிரே 'முடிகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம்.

"இதை எப்படிங்க எண்றது?"

"எண்ணித்தான் எண்ணணும்," என்றார் காவலாளி. "போகும்போது குறைஞ்சிருந்தா விளக்கம் எழுதிக் கொடுக்கணும்."

அடிஸ்கேல் வாய்க்கு வந்தபடி நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். காவலாளி தூரிகையைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்து, "சரியா இருக்கு," என்று முத்திரை குத்தினார்.

அடுத்தது நியமனம். நிறுவனத்தின் பதவிப் பட்டியலில் பெயின்டர் என்ற சொல்லே இல்லை. பதிவாளர் யோசித்து யோசித்து, அவரைத் 'தற்காலிகத் திரவப் பரப்புநர், இரண்டாம் நிலை' ஆக்கினார். முதல் நிலை யாரென்று அடிஸ்கேல் கேட்டார். அந்தப் பதவி பதினெட்டு வருஷமாகக் காலி என்றும், அதற்கு ஓர் உதவியாளர் மட்டும் இருக்கிறார் என்றும் தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் அக்கா மகள் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினாள். அடியில் துரு நிறத்தில் கொஞ்சம் தூள்.

"இதுவா பாப்பா எரியப்போகுது? பழைய ஆணியைத் தேய்ச்ச மாதிரி இருக்கே."

அவள் சிரித்தாள். நிறமில்லாத வார்னிஷ் டின் ஒன்றைத் திறந்து, நகக்கண்ணில் எடுக்கிற அளவு தூளைப் போட்டுக் கலக்கினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஊதாக்கதிர் விளக்கைப் போட்டாள். டின்னுக்குள்ளிருந்து தளிர்ப் பச்சையில் ஒரு வெளிச்சம் எழுந்தது. அடிஸ்கேல் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். எத்தனையோ பச்சைகளைக் குழைத்திருக்கிறார், இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

"இன்னும் ரெண்டு கரண்டி போடேன். நல்லாப் பிடிக்கும்."

"இதுல அதுதான் ஆகாது மாமா. இது நீள நீளமான சங்கிலி, கண்ணுக்கே தெரியாது. தள்ளித் தள்ளி நின்னா, வாங்கின வெளிச்சத்தை ஒவ்வொண்ணும் திருப்பிக் கொடுக்கும். நெருக்கி அடைச்சோம்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வந்த வெளிச்சத்தைத் தான் செலவு பண்ணாம பக்கத்துல இருக்கறதுகிட்டத் தள்ளும். அது அடுத்ததுகிட்டத் தள்ளும். கடைசியில வெளிச்சமே வெளிய வராது. வெறும் சூடாப் போயிடும்."

"இங்க ஃபைல் போற மாதிரி."

"மெதுவாப் பேசுங்க மாமா. இங்க சுவருக்குக் காது உண்டு. காதுக்குப் பதவி உயர்வும் உண்டு."

இதைத்தான் அவள் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயமாக எழுதியிருந்தாள். 'நெருக்கத்தால் ஒளி மங்குதல்' என்று தலைப்பு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இயக்குநரின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. அவர்தான் அவளுக்கு வழிகாட்டி. வழிகாட்டியின் அறைக்கு வழி கிடைக்கவே அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

மூன்று நாளில் அடிஸ்கேல் பெயரை எழுதி முடித்தார். சன்னமான ஒரே பூச்சு. தூரிகையை வழக்கம்போல் மார்புப் பக்கம் சட்டையில் துடைத்துக்கொண்டார். திரைகளை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டபோது, பலகையில் எழுத்துகள் அப்போதுதான் முளைத்தவை போல நின்றன. அக்கா மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் தன் பொருளை அத்தனை பெரிதாக அவள் பார்த்ததில்லை.

இயக்குநர் பார்வையிட வந்தார். பின்னால் பதிவாளர், அவர் பின்னால் ஏழு பேர்.

"எவ்வளவு தூள் செலவாச்சு?"

"ஒரு சிட்டிகை சார்," என்றாள் அவள், பெருமையாக.

இயக்குநரின் முகம் கறுத்தது. "ஒரு சிட்டிகையா? வருஷத்துக்கு நாற்பது கிலோ தேவைன்னு நான் அறிக்கை அனுப்பியிருக்கேன். புதுக் கட்டடம் கேட்டிருக்கேன். ஒரு சிட்டிகையில வேலை முடிஞ்சா அந்தக் கட்டடத்துல யாரை உக்கார வைக்கறது? உப்பையா?"

ஏழு பேரும் சிரித்தார்கள்.

"சிட்டிகையில மின்னுறது மின்மினிப்பூச்சி. நாம நிறுவனம். நூறு மடங்கு பொருள், நூறு மடங்கு ஒளி! பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. இனிமே அறிவியல் அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கட்டும்." அடிஸ்கேலைப் பார்த்தார். "நீங்க என்ன, வெறும் வார்னிஷைப் பூசி ஏமாத்தறீங்களா? இது கலப்படம்."

அன்று பிற்பகலே அந்த ஏழு பேரைக் கொண்டு ஒரு தடிமன் குழு அமைந்தது. தூளை அள்ளி அள்ளிப் போட்டு நாளுக்கொரு பூச்சு என்று குழு விதித்தது. இரண்டாவது பூச்சில் பச்சை மஞ்சளாயிற்று. நான்காவதில் மஞ்சள் பழுப்பாயிற்று. ஆறாவதில், பல் தேய்க்காதவன் சிரித்ததுபோல ஒரு நிறம். அந்தக் குழம்பைச் சட்டையில் துடைக்க அடிஸ்கேலுக்கு மனம் வரவில்லை, கந்தையில் துடைத்தார். தன் கையால் எழுதிய நல்ல எழுத்தைத் தன் கையாலேயே மூட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு ஒளி மீட்டரை வைத்து அக்கா மகள் அளந்து எழுதினாள். எண்பது, ஐம்பத்திரண்டு, முப்பத்தொன்று, ஒன்பது. குழுவின் ஆவணத்தில் இது இறங்குமுகமாகத் தெரிந்தது. பதிவாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: 'இன்று முதல் மீட்டரின் முள் இடப்பக்கம் நகர்வதே முன்னேற்றம் எனக் கொள்ளப்படும்.' அதன் பிறகு எல்லாம் ஏறுமுகம்.

ஏழாவது பூச்சன்று அவள் துணிந்து இயக்குநரின் அறைக்குள் போனாள். நான்காவது அத்தியாயத்தை மேசைமேல் வைத்து, தயவுசெய்து படிக்கும்படி கேட்டாள். அவர் தலைப்பை மட்டும் படித்தார்.

"மங்குதலா? என் நிறுவனத்துல எதுவும் மங்காதும்மா. 'அடக்கமாக ஒளிர்தல்'னு மாத்து. இல்லேன்னா அத்தியாயத்தையே எடுத்துடு. கையெழுத்து, விழா முடிஞ்ச பிறகுதான். அதுவும் போர்டு எரிஞ்சாத்தான்."

போர்டு எரியாது என்பதைச் சொன்ன காகிதம் அவர் கையில்தான் இருந்தது.

அன்று மாலை அடிஸ்கேல் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நேராப் போய்ச் சொல்லிடப் போறேன் அக்கா. இப்படிப் பூசினா எரியாதுன்னு."

"சொல்லி? அவ அஞ்சு வருஷமா அந்த ஆள் கையெழுத்துக்கு நிக்கறா. நீ பாட்டுக்கு வாயைத் திறந்து அதுல மண்ணைப் போட்டுடாதே."

"என் எழுத்து தெரியலைன்னா என் பேர் என்னாகறது?"

"உன் பேரா அதுல எழுதியிருக்கு? அவங்க பேர்தானே? அவங்க பேர் தெரியலைன்னா உனக்கென்னடா?"

அடிஸ்கேல் எழுந்துகொண்டார். வாயை மூடிக்கொண்டு பதினோராவது பூச்சு வரைக்கும் பூசினார்.

விழா முற்பகலில் நடந்தது. அரங்கின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை. பணியாளர்கள் பணி உடையில்தான் வரவேண்டும் என்று சுற்றறிக்கை இருந்ததால், அடிஸ்கேல் அதே பழைய வேலைச் சட்டையோடு கடைசி வரிசைக்குப் பின்னால், திரைக் கயிற்றருகில் நிறுத்தப்பட்டிருந்தார். விருந்தினராக அரசாங்கத்தின் உயர் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியவர்.

இயக்குநர் பேசினார்.

"ஒளி என்றால் என்ன? சிலர் அதை மீட்டரில் தேடுகிறார்கள். நான் கேட்கிறேன், மீட்டரை யார் பார்க்கிறார்கள்? நாம். நம்மை யார் நியமித்தார்கள்? அரசாங்கம். ஆகவே ஒளி என்பது அரசாங்கம்! இந்தப் பலகையில் பதினொரு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் அறிக்கை. உலகில் வேறெந்த வெளிச்சத்துக்கு இவ்வளவு ஆவணம் உண்டு? சூரியனுக்கு உண்டா?"

கைதட்டல். விளக்குகள் அணைந்தன. ஊதாக்கதிர் விளக்கு எரிந்தது.

முதலில் எரிந்தவை சட்டைகள். சோப்புப்பொடியில் துவைத்த வெள்ளைச் சட்டைகள் அந்தக் கதிரில் நீலவெள்ளையாக ஜொலிக்கும். வரிசை வரிசையாகச் சட்டைகள் எரிந்தன. அழைப்பிதழ்கள் எரிந்தன. சிரித்தவர்களின் பற்கள் எரிந்தன. இயக்குநரின் முன்பற்கள் நான்கும் கட்டிய பற்கள் என்பதால் அவை மட்டும் எரியவில்லை. அவர் வாய்க்குள் ஒரு வாசல் திறந்து கிடந்தது. அரங்கில் எரியாத இன்னொரு பொருள் பலகை. மழையில் ஊறிய சுவர் மாதிரி அது இருட்டுக்குள் நின்றது.

"அற்புதம்!" என்றார் பதிவாளர். கைதட்டினார்கள்.

உயர் அதிகாரிக்கு மட்டும், கைதட்டல் சத்தத்தில் தூக்கம் கலைந்துவிட்டது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு அரங்கின் பின்பக்கம் கையை நீட்டினார்.

"பலே! அதோ, கடைசியில ஒருத்தர் சட்டையில பச்சையா மின்னுதே. அதுதானா உங்க கண்டுபிடிப்பு?"

எல்லாத் தலைகளும் திரும்பின. முதல் பூச்சின்போது தூரிகையைத் துடைத்த இடம், அடிஸ்கேலின் நெஞ்சில் தளிர்ப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளாலும் மூடிப் பார்த்தார். விரலிடுக்கில் வழிந்தது.

"ஆமா சார்," என்றார் இயக்குநர். அதே மூச்சில், "இல்லை சார். அது எங்க வெளிச்சம்தான் சார். திருடு போயிருக்கு."

சட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். 'பழைய சட்டை ஒன்று, வெளிச்சத்துடன்.' அடிஸ்கேல் பனியனோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் விசாரணை. நேற்றைய தடிமன் குழுதான் இன்றைய விசாரணைக் குழு. பெயர்ப்பலகை மட்டும் மாறியிருந்தது. பதிவாளர் தலைவர். பக்கத்தில் இயக்குநர், சாட்சியாகவும் பாதிக்கப்பட்டவராகவும் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார். அதாவது ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் பையை வைத்திருந்தார்.

"பலகையில இருந்த வெளிச்சத்தை எந்த வழியா உங்க சட்டைக்குக் கொண்டு போனீங்க?"

"நான் கொண்டு போகலை சார். தூரிகையைத் துடைச்சேன்."

"துடைச்சதும் வெளிச்சம் போயிடுச்சு. ஒத்துக்கறீங்க."

"இல்ல சார், அது வந்து..." அடிஸ்கேல் நிறுத்தினார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நெருக்கினா மங்கும் சார், என் அக்கா மகள் எழுதி வெச்சிருக்கா சார். சொன்னால் அவர் தப்பிக்கலாம். அவளுக்கு வேண்டிய கையெழுத்து போய்விடும். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு வயது ஐம்பத்தாறு. திருடன் என்ற பட்டம் சுமக்க இனி அதிக வருஷம் இல்லை என்று கணக்குப் போட்டார்.

"ஆமா சார். நான்தான் எடுத்தேன்."

"எழுதிக்கோங்க," என்றார் பதிவாளர் திருப்தியாக. "எவ்வளவு எடுத்தீங்க?"

கதவு திறந்தது. அக்கா மகள் கேட்காமலே உள்ளே வந்தாள். கையில் நான்காவது அத்தியாயம். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மாமா திருடலை சார். திருடறதுக்கு அந்தப் போர்டுல எதுவும் மிச்சமில்லை. முதல் பூச்சுக்கு மேல நீங்க பத்துத் தடவை பூசி அணைச்சீங்க." அத்தியாயத்தை மேசைமேல் வைத்தாள். "முதல் பூச்சுல எண்பது. கடைசிப் பூச்சுல ரெண்டு. ஏன்னு இதுல எழுதியிருக்கேன். யாராவது ஒருத்தர் படிச்சுட்டு அப்புறம் மாமாவைக் கேளுங்க."

"பாப்பா, வேண்டாம்," என்றார் அடிஸ்கேல்.

"போதும் மாமா. நீங்க சும்மா இருங்க."

குழு ஒரு மணி நேரம் தனியாகக் கூடியது. அதில் முக்கால் மணி நேரம் யார் படிப்பது என்ற விவாதம். பிறகு பதிவாளர் தீர்ப்பை வாசித்தார்.

மாணவியின் அத்தியாயம் முழுக்க உண்மை. உண்மை என்பதால் அது நிறுவனத்துக்குச் சொந்தம். நெருக்கத்தால் ஒளி மங்கும் என்பதை, பதினொரு பூச்சுகள் போடச் செய்து, உயர் அதிகாரியின் முன்னிலையில் நேரடிச் சோதனையாக நிரூபித்தவர் இயக்குநர். எனவே கண்டுபிடித்தவர் அவரே. ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றை மாணவி எழுதியிருப்பதால் அதில் புதுமை இல்லை. ஆய்வேடு நிராகரிக்கப்படுகிறது. வேறு தலைப்பில் அவர் மூன்று ஆண்டுகள் தொடரலாம். பெயின்டர் நிரபராதி, குற்றம் சட்டையுடையது. சட்டை பறிமுதல்.

"என் அத்தியாயத்துல போன வருஷத் தேதி இருக்கு சார்," என்றாள் அவள்.

"தேதியை எங்கிருந்தும்மா எடுத்தே? நம்ம ஆபீஸ் காலண்டர்லதானே?"

இயக்குநர் எழுந்து அவள் தோளைத் தட்டினார். "மனசைத் தளர விடாதே. பெரிய கண்டுபிடிப்பு நடந்த இடத்துல நீயும் இருந்தே. உன் பேரை நன்றியுரையில போடறேன். இடம் இருந்தா."

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். அடிஸ்கேல் ஏச்சுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தம்பி மடியில் போட்டாள்.

"திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கறேன்னு சொன்னியாமே. கூறு கெட்டவனே." பிறகு மகளிடம் திரும்பினாள். "இனி அந்த வாசப்படியை மிதிக்காதே. ஊர்ல வேற கல்லூரியே இல்லையா?"

இருந்தது. மூன்று பேருந்து மாறிப் போகவேண்டிய ஒரு சிறிய கல்லூரி. வேதியியல் துறை என்பது படிக்கட்டுக்கு அடியில் ஒரு நீள அறை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்து அடிஸ்கேலுக்குக் கை அரித்தது. துறைத் தலைவி வகுப்பு முடிந்து கையில் சாக்பீஸ் தூளோடு வந்தார். அத்தியாயத்தை வாங்கித் தாழ்வாரத்தில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். இரண்டு முறை பின்னால் திருப்பிப் பார்த்தார். மணி அடித்தது, மாணவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள், அவர் நிமிரவில்லை.

கடைசியில் கேட்டார். "இந்த அளவை எத்தனை தடவை எடுத்தீங்க?"

"நாற்பத்தேழு தடவை மேடம்."

"எல்லாத்துலயும் மங்குதா?"

"எல்லாத்துலயும்."

"பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு இடம் எனக்குச் சரியாப் படலை. சண்டை போடணும். உள்ள வந்து உக்காருங்க."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருஷத்தில் பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் வந்த முதல் ஆள் அவர். அடிஸ்கேல் வெளியே போய், கேட்காமலே ஏணி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.

அவள் அங்கே சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, அடிஸ்கேலுக்கு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் சட்டையை அதன் முன்னாள் உரிமையாளர் நேரில் வந்து அடையாளம் காட்டிக் கையெழுத்திட வேண்டும். அவர் போனார்.

கறுப்புத் திரை போட்ட ஓர் அறை. வாசலில் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவருடைய சட்டை, விறைப்பாகத் தேய்த்து நிறுத்தியிருந்தது. கீழே, 'இயக்குநரின் முதல் ஒளிர்படலம்' என்று ஒரு தகடு. ஊதாக்கதிர் விளக்கைப் போட்டார்கள். காலர் முதல் கீழ்மடிப்பு வரை சட்டை முழுவதும் நீலவெள்ளையாக எரிந்தது. பிள்ளைகள் ஓவென்று வாய் பிளந்தார்கள்.

அடிஸ்கேல் நெஞ்சுப் பக்கத்தைத் தேடினார். பச்சை துளிகூட இல்லை. பெட்டியருகே குனிந்தார். பொத்தான் தைத்த நூல்வரை எல்லாம் வெளுத்திருந்தது. மூடியின் இடுக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது.

பதிவாளர் பேனாவை நீட்டினார். "அழுக்கான பொருளைக் கிடங்குல சேர்க்கக் கூடாதுன்னு விதி. அதனால சலவைக்குப் போட்டுட்டு வெச்சோம். வெளிச்சம் பத்து மடங்காயிடுச்சு, பார்த்தீங்களா? கையெழுத்துப் போடுங்க."

"சார்," என்றார் அடிஸ்கேல், "இது சோப்புப்பொடி சார்."

பதிவாளர் சட்டென்று பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார். பிறகு அவர் காதருகில் குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்க. இயக்குநர் அதை நாளைக்குத்தான் கண்டுபிடிக்கப் போறார்."